இரட்டைக் கோபுரத்தில் சிக்கனமாக ஏறி இறங்க: படிப்படியாக ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து உறவினர் வந்தால் கோலாலம்பூரில் (கேஎல்) இருப்பவர்களுக்கு இரண்டு கடமைகள் வந்து சேரும். ஒன்று பத்துமலை முருகன் கோயில், இன்னொன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். பத்துமலைக்குக் கால் திடமாக இருந்தால் போதும். கோபுரம் அப்படியில்லை. சித்தி, மாமா, மச்சான் குடும்பம், மச்சானின் சம்பந்தி வீட்டார் என்று நான் பல தடவை கூட்டிப் போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவை ஆன செலவில் ஏறக்குறைய பாதிதான் இப்போது ஆகிறது. டிக்கெட் விலை ஒன்றும் இறங்கவில்லை. எந்த வேலையை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசையை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்கள் காலையில் எல்லோரும் குளித்துக் கிளம்பி, கோபுரம் நிற்கும் கேஎல்சிசி வட்டாரத்தில் போய் இறங்கி, அங்கே முகப்பில் நின்று டிக்கெட் கேட்கிறார்கள். காலை நேரம் முழுக்க விற்றுப்போயிருக்கும். "மூன்றரைக்குத்தான் இருக்கிறது" என்பார்கள். சரி என்று வாங்கிவிட்டு, நான்கு மணி நேரம் எட்டுப் பேர் பேரங்காடிக்குள் சுற்றுவார்கள். ஐஸ்கிரீம், காப்பி, பிள்ளைக்கு ஒரு பொம்மை, மத்தியானச் சாப்பாடு, மறுபடியும் காப்பி. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் கோபுரத்தைவிடக் காத்திருந்ததற்கு அதிகம் செலவாகியிருக்கும்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: மலேசியர் எல்லோருக்கும் அசல் ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளுக்கு மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) அல்லது பிறப்புச் சான்று, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட், ஆளுக்கொரு டச் அண்ட் கோ அட்டை (ரயிலிலும் பேருந்திலும் தட்டிக் கட்டணம் கட்டுவது), தண்ணீர் போத்தல், ஒரு மெல்லிய சால்வை. எதற்கு என்பது அந்தந்த இடத்தில் வரும்.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேருக்கு டிக்கெட்டே தேவைப்பட்டிருக்காது.

"இரட்டைக் கோபுரம் பார்க்கணும்" என்று சொல்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் ஒரு படம். இரண்டு கோபுரமும் தெரிய, முன்னால் தான் நிற்கும் படம். அது கீழே நின்று எடுப்பது, காசு இல்லை. மேலே ஏறிவிட்டால் இரட்டைக் கோபுரம் தெரியாது. நீங்கள் அதற்குள்ளேயே நிற்கிறீர்கள். பக்கத்துக் கோபுரத்தின் உச்சி மட்டும் கிட்டத்தில் தெரியும். என் மாமா 86-ஆவது மாடியில் நின்றுகொண்டு, "இன்னொரு கோபுரம் எங்கடா, ரெண்டும் சேர்ந்து தெரியலையே" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

கேட்டுப் பார்த்த பிறகு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

அந்தப் பாலத்தில் நடக்க வேண்டும், அந்தக் கட்டடத்துக்குள் போய் வந்தேன் என்று சொல்ல வேண்டும் என்பவர்களுக்கு இரட்டைக் கோபுரம். பாலம் 41, 42-ஆவது மாடிகளில், தரையிலிருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் 86-ஆவது மாடியில் பார்வைத் தளம். இரண்டுக்கும் ஒரே டிக்கெட். ஆனால் நேரம் அளந்துதான் விடுவார்கள், குழுவோடு போய்க் குழுவோடு வர வேண்டும்.

நகரம் முழுக்க விரிந்து தெரிய வேண்டும், அதில் இரட்டைக் கோபுரமும் தெரிய வேண்டும் என்பவர்களுக்குக் கேஎல் கோபுரம். உயரம் 421 மீட்டர். பார்வைத் தளம் 276 மீட்டரில். புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்பதால் அதன் சொந்த உயரத்தோடு குன்றின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. உள்தளத்தில் யாரும் நம்மை விரட்டுவதில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். அதற்கும் மேலே திறந்தவெளித் தளம் ஒன்று உண்டு, கட்டணம் கூடுதல். மழையோ இடியோ வந்தால் அதை மூடிவிடுவார்கள். வானம் கறுத்திருக்கும் நாளில் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்க வேண்டாம்.

படம் மட்டும் போதும் என்பவர்களுக்கு எட்டாம் படிக்குப் போய்விடலாம்.

மெர்டேக்கா 118 கட்டடம் பற்றிக் கேட்பீர்கள். 678.9 மீட்டர், உயரத்தில் இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் நான் ஏறிப் பழகியது இந்த இரண்டில்தான், அதனால் இவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். இனிச் சொல்வது பெரும்பாலும் இரட்டைக் கோபுரத்தை வைத்து. காரணம், தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

2. எல்லோரும் ஏற வேண்டாம்

இதைச் சொன்னால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் மிச்சமாகும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

மலேசியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம். மலேசியர் கட்டணம் மற்றதில் பாதிக்கும் கீழே. சிறுவருக்கும் மூத்தோருக்கும் தனிக் கட்டணம். வயது வரம்பைக் கட்டண அட்டவணையில் பாருங்கள், ஊகித்து வாங்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து நான்கு பெரியவர்கள் வந்திருக்கிறார்கள், கூட நீங்கள் நான்கு பேர் என்றால், அந்த நான்கு வெளிநாட்டு டிக்கெட்டுகள்தான் செலவின் முதுகெலும்பு. ஆக ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் "எல்லாரும் போனா நானும் வரேன்" என்பார்கள்.

உயரம் என்றாலே தலைசுற்றும் அத்தை, ஏற்கெனவே மூன்று தடவை ஏறிய நீங்கள், மின்தூக்கியில் காதடைத்தால் அலறும் இரண்டு வயதுப் பிள்ளை: இவர்களெல்லாம் கீழே கேஎல்சிசி பூங்காவில் இருக்கலாம். 50 ஏக்கர் பூங்கா, நிழல் உண்டு, பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் உண்டு, காலை நனைத்து விளையாடத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. மாற்றுத் துணி மட்டும் மறக்காதீர்கள்.

ஏறுகிற குழுவில் வழிகாட்டியாக ஒருவர் கட்டாயம் வேண்டுமே என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஊழியர்கள் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போகிறார்கள். வழி தவற வாய்ப்பே இல்லை.

3. நாளைத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை இரட்டைக் கோபுரப் பார்வைத் தளம் மூடியிருக்கும். இதைத் தெரியாமல் போய்த் திரும்பிய குடும்பங்களை நான் எண்ணி முடியாது. திங்கட்கிழமையைப் பத்துமலைக்கு ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக இடைவேளை உண்டு, அந்தப் பக்கத்து நேரங்களைத் தவிர்க்கலாம். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் திறந்திருக்கிறதா என்று அதிகாரபூர்வ இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறையும் சனி ஞாயிறும் கூட்டம். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. தைப்பூசத்துக்கு வரும் உறவினரை அதே வாரத்தில் கோபுரத்துக்கும் கூட்டிப் போவதென்றால் தைப்பூசத்துக்கு முந்திய நாளும் மறுநாளும் வேண்டாம். காவடி பார்த்துவிட்டு வந்த கால்கள் மறுநாள் மின்தூக்கியில் நிற்கக்கூட மறுக்கும்.

பத்துமலையையும் கோபுரத்தையும் ஒரே நாளில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் பிற்பகல் டிக்கெட்தான் எடுக்க வேண்டும். 272 படி ஏறி இறங்குவதற்கு எவ்வளவு நேரம் என்பது உங்கள் கையில் இல்லை, கூட வரும் பெரியம்மாவின் முழங்காலில் இருக்கிறது. பத்துமலையிலிருந்து கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு வரும் கேடிஎம் ரயிலும் அடிக்கடி கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் நிறைய நேரம் உட்கார வேண்டும். காலை 11 மணிக்கு டிக்கெட் எடுத்துவைத்துக்கொண்டு பத்துமலை வாசலில் கையைப் பிசைந்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அன்று கிராப் பிடித்து, பறந்து போய், கடைசி நிமிடத்தில் நுழைந்தோம். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தக் காருக்குப் போய்விட்டது.

4. நேரம்: காலை வானமா, மாலை விளக்கா

கேஎல்லில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும். காலையில் வெயில் தரையைச் சூடாக்க, ஈரக் காற்று மேலெழும்பி, மூன்று நான்கு மணிக்கெல்லாம் கறுத்துக்கொண்டு வரும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது இன்னும் அதிகம். கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் திரை போட்டதுபோல் மழை பெய்யும்போது 86-ஆவது மாடியில் நிற்பதும், வீட்டுக் குளியலறையில் நிற்பதும் ஒன்றுதான். ஆகக் குறைந்த செலவில் ஒரே தடவை போகிறவர்களுக்கு நான் காலை நேரத்தையே சொல்வேன். தெளிந்த காலையில் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் நீலமாக நிற்கும்.

சூரியன் மறையும் நேரம் அழகில்லையா என்றால், அழகுதான். இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில் பொழுது சாயும். அந்த நேரத்தை ஒட்டிய டிக்கெட்டுகள்தான் முதலில் தீரும். கிடைத்தாலும் மழை வந்தால் போச்சு. மாலை வெளிச்சம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், கேஎல் கோபுரத்துக்கு ஐந்தரை ஆறு மணிவாக்கில் போய், வானத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே டிக்கெட் எடுப்பது நல்லது. மழை என்றால் வாங்காமல் திரும்பிவிடலாம். கேஎல்சிசி அங்கிருந்து வடகிழக்கில் இருப்பதால், மேற்கு வெயில் இரட்டைக் கோபுரத்தின் மேல் நேராக விழும். படத்துக்கு அதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில ஆண்டுகளில் அக்டோபரிலும், சுமத்ராவில் காடு எரிந்து புகைமூட்டம் வரும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் சுகாதாரக் கேடு என்று கணக்கு. அந்த அளவு போகும் முன்பே தூரக் காட்சி மங்கிவிடும். வீட்டு மாடியில் நின்று பாருங்கள். பக்கத்துப் பேட்டை அடுக்குமாடி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் மேலேயும் அதேதான்.

5. டிக்கெட்டை வீட்டிலிருந்தே வாங்குங்கள்

நாளும் நேரமும் முடிவான பிறகுதான் இது. பலர் முதலில் டிக்கெட்டை வாங்கிவிட்டு அப்புறம் மற்றவர்களைக் கேட்கிறார்கள். வாங்கிய டிக்கெட்டை மாற்ற முடியாது, பணமும் திரும்பாது என்று எண்ணிக்கொண்டு வாங்குங்கள். அப்போதுதான் முதல் நான்கு படிகளை ஒழுங்காகச் செய்வீர்கள்.

கோபுரத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். ஒருமுறை அவசரத்தில் அப்படி ஒன்றில் வாங்கினேன். மலேசியர் கட்டணமே அதில் இல்லை, எல்லோருக்கும் வெளிநாட்டு விலை, அதற்குமேல் சேவைக் கட்டணம். மின்னஞ்சல் வந்த பிறகுதான் கவனித்தேன். தளத்தின் முகவரியைக் கவனியுங்கள், மலேசியருக்குத் தனிக் கட்டணம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது எல்லோரும் செய்யும் இன்னொரு தவறு, மலேசியர் கட்டணத்திலேயே எல்லோருக்கும் போட்டுவிடுவது. நுழையும்போது ஐசி காட்டச் சொல்வார்கள். தம்பி மனைவி தமிழ்நாட்டுக்காரர், இங்கே வந்து ஆறு ஆண்டு ஆகிறது என்றாலும் கையில் இருப்பது பாஸ்போர்ட் என்றால் அதற்கான கட்டணம்தான். ஐசியின் படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறேன் என்பதும் உதவாது. அசல் வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் வாங்கும் முன்பே அழைத்துக் கேட்டு, வருகிற நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

வாங்கியதும் டிக்கெட்டைப் படமாகச் சேமித்து, கூடப் போகும் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். கீழே வந்து நிற்கும்போது உங்கள் கைத்தொலைபேசியில் மின்கலம் தீர்ந்திருக்கும். எனக்கு இரண்டு தடவை தீர்ந்திருக்கிறது.

6. காரை வீட்டில் விடுங்கள்

நகர மையத்தில் நிறுத்தக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். நீங்கள் அங்கே ஐந்து ஆறு மணி நேரம் இருக்கப் போகிறீர்கள். போதாததற்கு ஜாலான் அம்பாங்கில் நெரிசல் என்றால், நேரம் போட்ட டிக்கெட் கையில் இருக்கக் காருக்குள் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கெலானா ஜெயா தட எல்ஆர்டி ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி: பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, அப்புறம் கேஎல்சிசி. கோம்பாக் என்று போட்ட பக்கம் ஏற வேண்டும். புத்ரா ஹைட்ஸ் பக்கம் ஏறிவிட்டு பங்சாரில் இறங்கித் திரும்பி வருபவர்களை வாராவாரம் பார்க்கலாம். கிள்ளான், சிரம்பான் பக்கமிருந்து வருபவர்கள் கேடிஎம்மில் கேஎல் சென்ட்ரல் வந்து மாறலாம். புத்ராஜெயா தட எம்ஆர்டி ரயிலில் வருபவர்களுக்குப் பெர்சியாரான் கேஎல்சிசி நிலையம் இருக்கிறது. அது பூங்காவின் மறுபக்கம். அங்கிருந்து பூங்கா வழியே நடந்து வரலாம், மழை இல்லாத வரை.

டச் அண்ட் கோ அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை ஆறு பேருக்கு மாற்றி மாற்றித் தட்ட முடியாது. முதல் ஆள் உள்ளே போனதும் அந்த அட்டை வெளியே வரும்வரை அவருடைய பயணத்துக்கானது. அட்டை இல்லாத உறவினருக்கு இயந்திரத்தில் டோக்கன் வாங்கலாம். அதற்குச் சில்லறையும் சிறு நோட்டுகளும் வைத்திருங்கள். 50 வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டினால் இயந்திரம் துப்பிவிடும். டோக்கனைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், வெளியே வரும்போது அதைப் போட்டால்தான் கதவு திறக்கும்.

டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு கேஎல்சிசி நிலையத்தில் இறங்கும்படி கிளம்புங்கள். நிலையத்திலிருந்து சூரியா கேஎல்சிசி பேரங்காடி வழியாகக் கோபுரத்தின் கீழ்த்தளத்துக்குப் போவது பத்து நிமிட நடைதான். ஆனால் எட்டுப் பேர் என்றால் இடையில் இரண்டு பேர் கழிப்பறை போவார்கள், ஒருவர் கடைக் கண்ணாடியில் எதையாவது பார்த்து நின்றுவிடுவார்.

7. பசியாறிவிட்டு ஏறுங்கள்

கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில் இறங்கித் தோசையும் தே தாரிக்கும் முடித்துவிட்டு ரயில் ஏறினால் மத்தியானம் வரை யாரும் பசி என்று சொல்ல மாட்டார்கள். மேலே சாப்பிட விடமாட்டார்கள்.

சூரியா கேஎல்சிசிக்குள் இரண்டாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் உணவகத் தொகுதிகள் உண்டு. ஆளுக்கு ஆள் வேறு வேறு கடையில் வாங்கலாம் என்பது வசதி. மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) விலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சைவம் சாப்பிடுபவர் இருந்தால் தேர்வு சுருங்கிவிடும். "இதில் இறைச்சி இல்லை, ஆனால் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கிறது" என்ற பேச்சைக் கேட்டுக் களைத்துவிட்டேன். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்ப் பூங்கா நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். குப்பையைத் திரும்ப எடுத்து வருவதற்கு ஒரு பை வேண்டும். கட்டிக்கொண்டு போக வசதியில்லை என்றால் திரும்பும் வழியில் மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி லெபோ அம்பாங் பக்கம் நடந்தால் நம்மவர் கடைகள் இருக்கின்றன.

தண்ணீர் போத்தலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் இரண்டு தடவை தண்ணீர் வாங்கினால் ஆகும் காசைக் கணக்குப் போட்டால் தெரியும்.

8. ஏறும் முன்போ, ஏறாமலேயோ: கீழே நின்று எடுக்கும் படம்

வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பூங்கா கோபுரத்துக்குத் தென்கிழக்கில் இருக்கிறது. அங்கே நின்றால் காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கோபுரம் மின்னும். ஜாலான் அம்பாங் பக்கத்து முன்முற்றம் அதற்கு எதிர்த்திசை, அங்கே பிற்பகல் நல்லது. காலையில் அங்கே நின்று எடுத்தால் கோபுரமும் கறுப்பு, முகமும் கறுப்பு.

முன்முற்றத்தில் கைத்தொலைபேசியில் மாட்டும் சிறு லென்ஸை விற்றுக்கொண்டு வருவார்கள். "முழுக் கோபுரமும் விழும்" என்பார்கள். விழும்தான். ஆனால் இப்போதைய பல தொலைபேசிகளில் அகலக் கோணம் ஏற்கெனவே இருக்கிறது. 0.5 என்று ஒரு பொத்தான் தெரிகிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்க் குனிந்து எடுங்கள்.

9. நுழைவாயில் முதல் உச்சி வரை

டிக்கெட் நேரத்துக்குக் கால் மணி முன்பு வாசலில் இருங்கள். தாமதமானால் அந்தக் குழு போய்விடும், அடுத்ததில் இடம் இருந்தால்தான் உங்களுக்கு.

பைகளைச் சோதிப்பார்கள். பெரிய பை, முக்காலி, சாப்பாடு எல்லாம் கீழே நின்றுவிடும். எனவே கீழே இருக்கப் போகிறவர்களிடம் பைகளைக் கொடுத்துவிட்டு, ஐசி, தொலைபேசி, சால்வையோடு போனால் வரிசையில் நேரம் மிச்சம். குழுவுக்கு ஒரு நிறத்தில் அட்டை தருவார்கள். அந்த நிறத்தைக் கூப்பிட்டால் நகர வேண்டும், அவ்வளவுதான் நடைமுறை.

வழியில் படம் எடுத்து விற்கும் ஏற்பாடு இருந்தால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடக்கலாம், கட்டாயமில்லை. எடுத்துவிட்டார்களே என்று கூச்சப்பட்டு வாங்குபவர்கள்தான் அதிகம்.

முதல் நிறுத்தம் பாலம். ஏறக்குறைய பத்து நிமிடம் கிடைக்கும். எல்லோரும் நுழைந்த இடத்திலேயே நின்று படம் எடுக்கத் தொடங்குவார்கள், அங்கே நெரிசல். நேராக நடுப்பகுதிக்குப் போய்விடுங்கள். பாலத்தின் இரு பக்கமும் காட்சி வேறு. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் ஜாலான் அம்பாங். ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டால் இன்னொன்றைப் பார்க்காமலே கூப்பிட்டுவிடுவார்கள்.

பிறகு மின்தூக்கியில் 83-ஆவது மாடி, அங்கே மாறி 86. காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும், பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய். மேலே குளிர்சாதனக் குளிர் கடுமை, வயதானவர்களுக்குச் சால்வை அதற்குத்தான்.

கண்ணாடி வழியாகப் படம் எடுக்கும்போது உள்ளே இருக்கும் விளக்கும் உங்கள் சட்டையும் பிரதிபலிக்கும். கேமராக் கண்ணை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுங்கள். அடர் நிற உடை உதவும். மஞ்சள் பட்டுப்புடவை கட்டி வந்த என் சித்தியின் படங்கள் எல்லாவற்றிலும் கேஎல் கோபுரத்தின் மேல் ஒரு மஞ்சள் மேகம் மிதக்கிறது.

முதல் ஐந்து நிமிடம் தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுவேன். எந்த ஜன்னலில் எது தெரிகிறது என்று தெரிந்த பிறகு எடுத்தால் வீணாக அலைய வேண்டாம். தென்மேற்கே மெர்டேக்கா 118 ஊசிபோல் நிற்கும், அதே பக்கம்தான் கேஎல் கோபுரமும். வானம் தெளிந்திருந்தால் வடக்கே பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றைத் தேடிப் பாருங்கள். கூட வந்தவர்கள் நகரத்தை மறந்துவிட்டு அந்த ஜன்னலிலேயே நின்றுவிடுவார்கள்.

நினைவுப் பொருள் வாங்க ஆசைப்பட்டால் பசார் செனியில் வாங்குங்கள். நீங்கள் திரும்பும் எல்ஆர்டி தடத்தில்தான் இருக்கிறது. கோபுர வடிவச் சாவிக்கொத்து அங்கேயும் கிடைக்கும், பேரமும் பேசலாம்.

10. இறங்கிய பிறகு

மேலே போய்வர ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

காலையில் ஏறியவர்கள் பூங்காவில் சாப்பிட்டு, மாநாட்டு மையத்திலிருந்து தொடங்கும் குளிரூட்டிய நடைபாலம் வழியாக வெயில் படாமல் புக்கிட் பிந்தாங் வரை நடக்கலாம், காசு இல்லை. அங்கிருந்து திரும்ப கோகேஎல் பேருந்து இருக்கிறது. மலேசியர்களுக்கு இலவசம். வெளிநாட்டு உறவினர் டச் அண்ட் கோ அட்டையைக் கையில் வைத்திருக்கட்டும்.

பிற்பகலில் ஏறியவர்கள் பொழுது சாயும்வரை பூங்காவில் இருங்கள். இரவு 8 மணிக்கு ஏரியில் விளக்கும் தண்ணீருமாக நீரூற்றுக் காட்சி, இலவசம். ஏழே முக்காலுக்கே படிகளில் இடம் பிடிக்க வேண்டும், முன்வரிசை என்றால் காற்றடிக்கும் பக்கம் நனைவீர்கள். அப்புறம் சலோமா பாலத்துக்கு நடக்கலாம். கேஎல்சிசி பக்கத்தையும் கம்போங் பாருவையும் இணைக்கும் நடைபாலம், 69 மீட்டர் நீளம், இரவில் நிறம் மாறி மாறி மின்னும். அதன் மேலிருந்து பார்த்தால் இரண்டு கோபுரமும் ஒளியோடு தெரியும். மேலே ஏறாத அத்தைக்கு இங்கே எடுத்த படம்தான் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

பாலத்தின் மறுமுனையில் இறங்கினால் கம்போங் பாரு எல்ஆர்டி நிலையம் கிட்டத்தில்தான். கேஎல்சிசி வரை திரும்பி நடக்க வேண்டாம், அங்கேயே கேஎல் சென்ட்ரல் பக்கம் போகும் ரயில் ஏறிக்கொள்ளலாம். இந்தத் தடவை புத்ரா ஹைட்ஸ் என்று போட்ட பக்கம்.